தன்னை வெறுத்தல்: உவரிக் கரையின் ஞானப்பாடம் பற்றிச் சில குறிப்புகள்

‘தியாகம்’ என்ற சொல்லைப் போலக் கேள்வி இல்லாமல் நம்மிடம் புழங்குகிற சொல் வேறு இருக்கிறதா தெரியவில்லை. கட்சிக்காரர் சொல்கிறார், சாமியார் சொல்கிறார், வாத்தியார் சொல்கிறார், அணுமின் நிலையத்து அதிகாரியும் சொல்கிறார். யார், யாரிடம், எதைத் தியாகம் செய்யச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. கட்சிக்கு வருவதற்கும் கல்லூரிக்கு வருவதற்கும் முன்னால், ஏழெட்டு வயசிலேயே இந்தச் சொல் நமக்குள் நுழைந்துவிடுகிறது. எங்கள் கரையில் அது நுழைகிற வாசல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒட்டி நடக்கும் ஞானப்பாடம். இப்போது மறைக்கல்வி என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது. சேசுவின் பின்னால் போக வேண்டுமானால் தன்னை விட்டுவிட வேண்டும், சிலுவையைத் தூக்க வேண்டும் என்கிற பாடம் அப்படியே இருக்கிறது. நான் அதைப் படித்து வளர்ந்தவன். பிறகு சில வருசம் அதையே சொல்லிக்கொடுத்தவன். அந்தப் பாடத்தை ஒரு பிரதியாக வைத்து வாசிப்பதுதான் இங்கே நோக்கம். விசுவாசத்தை நிறுவுவதோ மறுப்பதோ அல்ல.

உவரியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தோணியார் கோயிலுக்குச் சாதி மதம் பார்க்காமல் சனம் வந்து இறங்குகிறது. கப்பல் மாதா கோயில் கப்பல் வடிவத்திலேயே நிற்கிறது. அதே ஊரின் கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில். அங்கே நேர்ந்துகொண்டவர்கள் ஓலைப்பெட்டியில் கடல்மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுகிறார்கள். இங்கே மொட்டை, உபவாசம், அசனம். உடம்பை வருத்திக் கடவுளோடு கணக்குத் தீர்ப்பது இரண்டு வாசலிலும் ஒன்றுபோலத்தான். இந்த நேர்ச்சை ஒரு பேரம். ‘பிள்ளை பிழைச்சா மொட்டை போடுதேன்’ என்கிறவள் கொடுக்கும்போதே கேட்கவும் செய்கிறாள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் சாமியோடு சண்டையும் உண்டு. ஞானப்பாடத்தின் தன்மறுப்பில் கேட்பதற்கு இடமே இல்லை. (உவரி என்றால் உவர்நீர், கடல். உவர்த்தல் என்பதற்கு வெறுத்தல் என்றும் அகராதியில் பொருள் இருக்கிறது. தற்செயல்தான், இதை வைத்து நான் எதையும் நிறுவப்போவதில்லை.)

இந்தக் கரையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதற்குத் தேதியோடு சாட்சி இருக்கிறது. 1535-37இல் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேரும்வரை அவர்களுக்குப் பாடம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1544 சனவரி 15ஆம் தேதி கொச்சியிலிருந்து அவர் தன் சபையாருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் அந்த முதல் வகுப்பறை கண்முன்னே வருகிறது. கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் போகிறார். பிள்ளைகளைத் திரட்டுகிறார். தமிழாக்கி வைத்த செபங்களை நாளுக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மாதத்தில் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளி வீடுகளுக்கு அவருக்குப் பதிலாகப் போய்ச் செபம் சொல்ல வேண்டும்.

இதுவரைக்கும் சரி. சாதியும் வயசும் அடுக்கி வைத்த ஒரு சமூகத்தில், மண் அளைகிற பையன் தகப்பனுக்கு வாத்தியார் ஆவது சின்ன விசயம் இல்லை. ஆனால் அதே கடிதம் இன்னொன்றையும் சொல்கிறது. எந்த வீட்டில் பழைய சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் வந்து துப்புச் சொல்கிறார்கள். சவேரியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். பிள்ளைகள் சிலைகளை உடைத்து, மேலே துப்பி, காலால் மிதிக்கிறார்கள். அவர் இதைப் பெருமையோடு எழுதுகிறார். அன்று இந்தக் கரையின் பிள்ளைகள் எதைத் துறந்தார்கள்? தங்கள் தின்பண்டத்தை அல்ல, தங்கள் ஆசையை அல்ல. தாயும் தகப்பனும் கும்பிட்டதைத் துறந்தார்கள். தன்மறுப்பு என்ற பாடம் இங்கே தன் வீட்டை மறுப்பதாகத்தான் அரங்கேறியது. துறப்பு என்று இதைச் சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தப் பையன் இழந்ததைவிட அவனுக்குக் கிடைத்தது அதிகம்: வெள்ளைக்காரச் சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு தகப்பனின் வீட்டுக்குள் அதிகாரத்தோடு நுழைவது. தன்மறுப்பின் பாடமும் ஒற்றாடலின் பாடமும் ஒரே வகுப்பில் நடந்திருக்கின்றன.

அடுத்தது அச்சு. தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூல் 1578இல் கொல்லத்தில் வந்த ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம். மறுவருசம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. இரண்டும் அண்டிரிக் அடிகளின் உழைப்பு, இந்தக் கரையின் பரதவர்கள் கொடுத்த காசு. தமிழ் அச்சின் வரலாற்றைக் கொண்டாடுகிற நண்பர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1579இன் நூலுக்கு மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்த்துகீசிய ஞானப்பாடம். அது சிறுவர்களுக்குச் சொல்லித்தருவதற்கென்றே கேள்வி-பதிலாக எழுதப்பட்டது. அதாவது தமிழ் அச்சு எழுத்து தன் இரண்டாம் வயசிலேயே பிள்ளைகளுக்கான பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. கேள்வி-பதில் என்ற வடிவத்தைப் பாருங்கள். கேட்கிறவருக்குப் பதில் தெரியும். பதில் சொல்கிறவனுக்குக் கேள்வி கிடையாது. உலகத்தில் வேறெங்கும் கேள்வி என்பது தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்பது. ஞானப்பாடத்தில் மட்டும் தெரிந்தவர் தெரியாதவனிடம் கேட்கிறார். பிள்ளையின் கேள்வி அங்கே முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. அவன் செய்த முதல் தியாகம் அதுதான்.

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையை நம் பத்திரிகைகள் எத்தனையோ தடவை மேற்கோள் காட்டியிருக்கின்றன. கருத்தியல் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது, ‘ஆமாம், நான்தான்’ என்று திரும்பும்போது நாம் தன்னிலை ஆகிறோம் என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொள்வது கிறிஸ்தவ சமயத்தை. அதில் அழைக்கப்படுகிற ஆளின் பெயர் பேதுரு. சவேரியார் 1544இல் திருவிதாங்கூர்க் கரை முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒவ்வொருவருக்கும் அவர்களது புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார். அல்தூஸருக்கு இது தெரிந்திருந்தால் பாரிஸ் தெருவில் போலீஸ்காரனைத் தேடியிருக்க மாட்டார். ஆனால் இந்த வாசிப்போடு நின்றுவிட எனக்கு மனசில்லை. அழைக்கப்பட்டவன் திரும்பாமல் போகவும் செய்கிறான். அதுவும் அந்தப் பேதுருவே செய்கிறான்.

எங்கள் ஊர்க்கிழவிகள் அவனை இராயப்பர் என்பார்கள். மீன்பிடிக்கிறவன், எங்கள் ஆள். மாற்கு நற்செய்தியில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரச் சொல்லும் பேச்சு எட்டாம் அதிகாரத்தில், இராயப்பர் வாங்கிக்கட்டிக்கொண்ட கையோடு வருகிறது. அங்கே ‘தன்னை’ என்ன செய்யச் சொல்கிறது என்பதற்குத் தமிழில் இரண்டு பதில் இருக்கிறது. புராட்டஸ்டண்டு வீடுகளில் இன்றும் படிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, தன்னை ‘வெறுக்க’ச் சொல்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘தன்னலம் துறக்க’ச் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல் இரண்டுமல்ல. அது ‘மறுதலித்தல்’. பெரிய வியாழன் ராத்திரி, சேவல் கூவுமுன் இராயப்பர் மூன்று தடவை செய்தாரே, அதே சொல். அந்த இடத்தில் மட்டும் நம் மொழிபெயர்ப்புகள் எல்லாமே ‘மறுதலித்தல்’ என்று சரியாகப் போடுகின்றன. ஒரே சொல்லை இரண்டாக வெட்டியதில் மாற்கு போட்டிருந்த முடிச்சு தமிழில் அவிழ்ந்துபோய்விட்டது. உன்னை மறுதலி என்று இராயப்பரிடம் சொல்லப்பட்டது. அவர் போய்ச் சொன்னவரையே மறுதலித்துவிட்டு வந்தார். கதையே இதுதான்.

போதாக்குறைக்கு, லூக்கா பதினாலாம் அதிகாரத்தில் தாய் தகப்பனை வெறுக்கச் சொல்லும் கடுமையான பேச்சு ஒன்று வருகிறது. அங்கே கிரேக்கத்தில் வேறு சொல், உண்மையிலேயே வெறுத்தல்தான். பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே ‘வெறுத்தல்’ போட்டுவிட்டது. ஒன்றாக இருந்ததைப் பிரித்து, பிரிந்திருந்ததை ஒன்றாக்கியிருக்கிறார்கள். பழந்தமிழில் வெறுத்தல் என்பதற்குப் பற்றற்றுப் போதல் என்ற சாயலும் உண்டு என்று பண்டிதர்கள் சொல்லலாம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது. அவளுக்கு வெறுப்பு என்றால் வெறுப்பு. தன் கறுப்பை வெறுக்க வேண்டும், பசியை வெறுக்க வேண்டும், துறுதுறுவென்று இருப்பதை வெறுக்க வேண்டும்.

மறுதலித்தல் என்றால் என்ன? முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருக்கும்போது, ‘அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது’ என்று சொல்வது. வெறுப்பதற்கு உறவு வேண்டும். மறுதலிப்பது உறவே இல்லை என்கிறது. அப்படியானால் தன்னை மறுதலிப்பது, தனக்குள் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற ஒருவனைப் பார்த்து ‘உன்னைத் தெரியாது, போ’ என்று சொல்வதாக இருக்க வேண்டும். அதற்கு உள்ளே அப்படி ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். இராயப்பருக்குள் இருந்தான்: ராஜ்ஜியம் வந்தால் தனக்கு என்ன பங்கு என்று கணக்குப்போட்டவன். எட்டு வயசுப் பிள்ளைக்குள் யார் இருக்கிறான்? ‘தன்னலம் துறத்தல்’ என்ற புது மொழிபெயர்ப்பு இன்னும் சாதுவானது. அது நல்லொழுக்கப் பாடம் ஆகிவிடுகிறது. பென்சிலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடு, முடிஞ்சுபோச்சு.

சிலுவைக்கும் இதே கதிதான். பலஸ்தீனத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு அது உருவகம் இல்லை. கி.மு. 4இல் கலகம் செய்த யூதர்களில் சுமார் 2000 பேரை வாருஸ் என்ற ரோமத் தளபதி சிலுவையில் அறைந்ததாக யோசேப்பஸ் எழுதுகிறார். சிலுவையைத் தூக்குவது என்றால் அரசு உன்னைக் கொல்லக் கொண்டுபோகிறது, அதற்கான மரத்தை நீயே சுமக்கிறாய் என்று பொருள். ‘அப்படி ஆகலாம், தெரிஞ்சுதான் வர்றியா’ என்று வளர்ந்த ஆட்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. இப்போது எங்கள் கரையில் சிலுவை என்ற சொல் எங்கே புழங்குகிறது? குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனின் பெண்டாட்டியிடம் ‘அது உன் சிலுவை மோளே, சுமந்துதான் ஆகணும்’ என்று சொல்லும் இடத்தில். ரோம அரசின் கொலைக்கருவி இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி வீடுகளில் அடுப்பங்கரைச் சாமானாகிவிட்டது.

இனித் தவக்காலம். பிள்ளைகள் கையில் அட்டையில் செய்த ஒரு உண்டியலைக் கொடுக்கிறார்கள். மிட்டாய் வாங்காமல், ஐஸ் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை நாற்பது நாள் போட்டு ஈஸ்டருக்கு ஒப்படைக்க வேண்டும். பழக்கம் கெட்டதல்ல. இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்தால் நல்லது. இங்கிலாந்தில் 1886இல் இரட்சணிய சேனையின் ஒரு அதிகாரி, ஒரு வருசம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புட்டிங் சாப்பிடாமல் அந்தக் காசைத் தருகிறேன் என்றார். அதிலிருந்து ‘தன்மறுப்பு வாரம்’ என்ற ஏற்பாடு பிறந்து உலகம் பூராவும் போயிற்று. புட்டிங்கைத் துறக்கப் புட்டிங் இருக்க வேண்டும். திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கிப் பிடியரிசிக் காணிக்கை சேர்த்தார்கள். அது வேறு சங்கதி. அந்த ஒரு பிடி யார் தட்டில் குறைந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நமக்குத் தெரியும், கடைசியாகச் சாப்பிடுகிறவள் தட்டில்தான்.

சபையின் சட்டமே பிள்ளைகளிடம் கேட்காததை நாம் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சுத்தபோசனத்தைப் பதினாலு வயசு நிறைந்தவர்களுக்கும், ஒருசந்தியைப் பதினெட்டு நிறைந்தவர்களுக்கும்தான் கட்டாயமாக்குகிறது. சின்னவர்களுக்குத் தவத்தின் பொருளைப் புரியவைக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். சுத்தபோசனம் என்பதோ இறைச்சியை விலக்குவது. சட்டப்படி மீனுக்கு விலக்கு இல்லை. மீனே சோறாக இருக்கிற ஊருக்கு ரோமாபுரி விதித்த தவம் இது! மீன் படாத நாளில் இந்த ஊர் இருக்கும் ஒருசந்திக்கு எந்தச் சட்டத் தொகுப்பிலும் எண் இல்லை.

பெண்பிள்ளைகள் விசயத்தில் இந்தப் பாடம் இன்னும் கோணலாகிறது. வாலரி செய்விங் என்ற அமெரிக்க இறையியல் மாணவி 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் அகந்தை, மீட்பு என்றால் தன்னை விட்டுக்கொடுத்தல் என்று இறையியல் சொல்லிவருவது ஆணின் அனுபவத்தை மட்டும் வைத்துத்தான்; பெண்ணின் சிக்கல் தான் என்ற ஒன்று உருவாகாமலே போவது, பிறருக்காகச் சிதறிப்போவது என்றார். உவரிக்கு இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லைதான். ஆண்பிள்ளைக்கு நடுத்துண்டு, பெண்பிள்ளைக்கு வால்துண்டு என்று ஏனத்திலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் அவளுக்கு வருசம் பூராவும் தவக்காலம். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போய்த் ‘தன்னை வெறுக்கணும்’ என்று சொல்வதால் புதிதாக எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. ஏற்கெனவே நடப்பதற்குக் கடவுளின் கையெழுத்து வாங்கித்தரப்படுகிறது.

இங்கிருந்து மேற்கே, களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்படும் சிறுமிகளை மீட்டு வளர்க்க 1901இல் ஏமி கார்மைக்கேல் தொடங்கிய வேலை அங்கேதான் வேர்விட்டது. 1951இல் சாகும்வரை அவர் ஊர்திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மை என்றார்கள். ஒரு பெரிய மனுஷி பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையை விட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தச் சீமையில் இல்லை. காலனியம், மிஷனரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் அங்கே வளர்ந்த பெண்களில் சிலரைச் சேர்த்து 1916இல் அவர் ஒரு சகோதரிகள் குழுவை அமைத்தபோது, தான் தேர்ந்துகொண்ட துறவு அவர்களுக்குப் பாரம்பரியச் சொத்தாகக் கைமாறியது. அவர் விட்டுவந்தது அயர்லாந்தை. அந்தப் பெண்களுக்கு விடுவதற்கு டோனாவூரைத் தவிர வேறு என்ன இருந்தது? பொட்டுக்கட்டுவதும் ஒப்புக்கொடுத்தல்தான், இதுவும் ஒப்புக்கொடுத்தல்தான் என்று நான் சமன்பாடு போடவில்லை, அது அநியாயம். தேர்வு என்ற இடத்தில் மட்டும் ஒரு நெருடல் இருக்கிறது.

மறைக்கல்வி வகுப்பில் இந்த விசயத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன். தன் சாப்பாட்டைச் சேசுவுக்குச் சந்தோசமாகக் கொடுத்தான், நீங்களும் அப்படிக் கொடுக்கணும். நான் இதைச் சொன்ன ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, ‘அவங்கிட்ட யாரும் கேட்டாங்களா சார்?’ என்றது. திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு நற்செய்திகளில் அருளப்பர் ஒருவர்தான் இந்தப் பையனையே பார்த்திருக்கிறார். அதுவும் ஆறாம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனம். பெலவேந்திரர், இராயப்பரின் தம்பி, இங்கே ஒரு பையனிடம் இவ்வளவு இருக்கிறது, இது எந்த மூலைக்கு என்கிறார். அவ்வளவுதான். பையன் பேசவில்லை. கொடுத்தான் என்று இல்லை. கொடுக்க மறுத்தான் என்றும் இல்லை. சந்தோசப்பட்டான் என்பது நாம் வகுப்பில் ஒட்டவைத்தது. பிரதியில் இருப்பது ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் நம் பாடத்திட்டம் போய் உட்கார்ந்துகொண்டது.

அது என்ன மீன்? அருளப்பர் போடும் கிரேக்கச் சொல்லுக்கு அப்பத்தோடு தொட்டுக்கொள்ளும் சிறுமீன் என்று அர்த்தம். எங்கள் பக்கத்துச் சொல்லில் வெஞ்சனம். அப்பமோ வாற்கோதுமை அப்பம், இல்லாதவன் சாப்பாடு. ஐயாயிரம் ஆம்பிளைகள் கூடிய இடத்தில் இல்லாத வீட்டுப் பையனின் தூக்குவாளிதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனாலும் கதையின் அடுத்த பகுதியை நாம் பாடத்தில் அழுத்திச் சொல்வதே இல்லை: எல்லோரும் புல்லில் உட்கார்ந்தார்கள், வேண்டுமட்டும் சாப்பிட்டார்கள், பன்னிரண்டு கூடை மிஞ்சியது. அந்த எல்லோரில் பையனும் உண்டு. அவன் பட்டினி கிடந்து மற்றவர்கள் சாப்பிட்ட கதை இல்லை இது. அதே சேசு பிள்ளைகளிடம் துறவு கேட்டதாக ஒரு இடத்தையும் நான் பார்க்கவில்லை. யார் பெரியவன் என்று சீடர்கள் சண்டைபோட்டபோது ஒரு பிள்ளையைத் தூக்கி நடுவில் நிறுத்துகிறார், அணைத்துக்கொள்கிறார். மறுதலிக்கச் சொல்வது சுற்றி நிற்கிற பெரியவர்களிடம்.

சொல்லப்போனால் உவரிக் கோயிலின் சுரூபமே இதைத்தான் காட்டுகிறது. அந்தோணியார் கையில் குழந்தை சேசு. பெரியவர் பிள்ளையைச் சுமக்கிறார்.

தியாகம் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வி கோயிலோடு நிற்கிற விசயம் இல்லை. கூடங்குளம் உவரிக்குத் தெற்கே, அதே கரையில். 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் பந்தல் போட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோது, கடற்கரைச் சனத்தைப் பார்த்துத் தேசம் கேட்டதும் தியாகம்தான். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தின் மொழி அப்படியே அரசின் மொழியானது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அதே நாள் மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ஆயிரக்கணக்கானவர்கள்மேல் தேசத்துரோக வழக்கு. 2013இல் முதல் உலை மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பந்தலில் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் கேடயமாக வைக்கிறார்கள் என்று பத்திரிகைகள் அப்போது ரொம்பவும் வருத்தப்பட்டன. தவக்கால உண்டியலுக்கோ, வலைப்பின்னலுக்குப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைக்கோ ஒருநாளும் வருத்தப்படாதவர்கள். எனக்கும் கேள்வி உண்டு: அந்தப் பிள்ளைகளைப் பட்டினி போடலாமா? ஒரு வித்தியாசம் மட்டும் தெரிகிறது. அங்கே பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், முதலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்காக உட்கார்ந்திருந்தார்கள். வெறுப்பதற்கு ‘தான்’ இல்லாமல் இருந்த சனத்துக்கு அந்தப் பந்தலில்தான் ‘நாங்க’ என்ற தன்னிலை வந்தது. அல்தூஸர் சொன்னபடி யாரோ அழைத்து வந்ததல்ல அது.

உவரிக்காரரான ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. 2014இல் அவர் எடுத்த அரசியல் நிலைப்பாடும், அதை ஒட்டி நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியீடு நின்றுபோனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நிலைப்பாட்டில் எனக்குச் சம்மதம் இல்லை. அதற்காக நாவலை விட்டுக்கொடுக்கவும் சம்மதம் இல்லை. ஆமந்துறை என்ற கற்பனை ஊரில் 1933 முதல் 1985 வரை நடக்கும் கதை. அதன் சட்டகம் இதுதான்: உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு மூன்று பேர் கடலில் மிதக்கிறார்கள். கிழவர் கோத்ராப்பிள்ளை, நடுவயசுக்காரர் சூசை, வாலிபன் சிலுவை. பெயரைக் கவனிக்க வேண்டும். கடைசியில் மூத்தவர்கள் இருவரும் இளையவன் பிழைக்கட்டும் என்று தங்களை விட்டுக்கொடுக்கிறார்கள். ஞானப்பாடம் சிலுவையைப் பிள்ளையின் தோளில் வைக்கிறது. இந்த நாவல் பிள்ளைக்கே சிலுவை என்று பெயர் வைத்துப் பெரியவர்களின் தோளில் ஏற்றுகிறது. சாமியார்களும் உபதேசிமார்களும் நானூற்றுச் சொச்சம் வருசம் சொல்லி எட்டாத இடத்தை ஒரு நாவலாசிரியன் கட்டுமரத்தின் அனுபவத்திலிருந்து எட்டியிருக்கிறான் என்பது என் கருத்து. வயசான உடம்பு இறங்கிக்கொண்டால் இளைய உடம்புக்கு மரம் தாங்கும் என்பது கடல்கணக்கு. அதை எந்த மறைக்கல்விப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாவலை உயரத்தில் வைக்கிறவனாக இருந்தும் ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை. மரத்தில் மிதப்பவர்கள் மூன்று பேரும் ஆண்கள். எங்கள் கரையில் பெண்பிள்ளை கட்டுமரம் ஏறுவதில்லை. மிதக்கிறவர்களுக்குள் நடக்கிற இந்த விட்டுக்கொடுத்தலின் கணக்கில் கரையில் நிற்கிறவள் வரவே மாட்டாள். அவளுக்காக மரத்தை விடுகிற கோத்ராப்பிள்ளையை நாவலில் தேடினேன். ஞானப்பாடத்தில் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் ஒரு வெரோணிக்கா இருக்கிறாள். அவளும் துணியைக் கொடுக்கத்தான் வருகிறாள். வால்துண்டைத் தின்று வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, யாராவது உனக்காகத் தங்கள் பங்கை விட்ட கதை ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க, உவரியில் இன்றைக்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?